தும்மல் வண்டிக்கு எந்த ஆயில்

என் தம்பியைக் கடைக்கு வருகிறவர்கள் ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கார் உதிரிபாகங்கள் விற்கும் கடையில் இருபத்திரண்டு வருடமாகக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவன். வண்டி எத்தனை வருடப் பழசு, எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, பின்னால் வருகிற புகை கறுப்பா நீலமா என்று மூன்றே கேள்விதான் கேட்பான். பதில் வந்து முடிவதற்குள் அவன் கை அலமாரியில் சரியான ஆயில் டப்பாவைத் தொட்டிருக்கும்.

“உங்க வண்டிக்கு வயசாயிடுச்சு சார். தண்ணி மாதிரி இருக்கிற ஆயிலை ஊத்தினா இருக்கிற இண்டு இடுக்கு வழியா எல்லாம் வெளிய வந்துடும். கொஞ்சம் கெட்டியா போடுங்க” என்பான். கூடவே ஃபில்டரை எடுத்து வைப்பான். அதைக் கொடுக்கும்போது தவறாமல் ஒன்று சொல்வான். “பழைய ஃபில்டரைக் கழட்டினதும் அதோட ரப்பர் வளையம் கூடவே வந்துச்சான்னு பாருங்க. சில சமயம் காய்ஞ்சுபோய் இன்ஜின்லயே ஒட்டிக்கும். அது மேல புதுசை மாட்டினீங்க, அவ்வளவுதான், மொத்த ஆயிலும் ரோட்டுல.”

தினமும் மதியம் அவனுக்குச் சாப்பாடு கொண்டு போகிறவள் நான். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். கல்யாணமான புதிதில் அவன் மனைவி இதை வைத்து அவனைப் படுத்தி எடுப்பாள். அவன் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு, “சாவி இருக்கா, கண்ணாடி இருக்கா, ரப்பர் வளையத்தைப் பார்த்துக்கிட்டீங்களா?” என்பாள். அவனும் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இருக்கு, இருக்கு” என்று சிரித்துக்கொண்டே படி இறங்குவான். நன்றாகத்தான் இருந்தார்கள்.

பிறகு ஏன் பிரிந்தார்கள் என்று கேட்டால், அடித்தான் குடித்தான் என்று சொல்ல ஒன்றும் இல்லை. என் தம்பிக்குப் பேசத் தெரியாது. எனக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. என் கணவர் போன பிறகு தையல் மெஷினையும் இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தேன். இரண்டே அறை. அந்த இரண்டு அறையில் மூன்று பேரும் ஒரு குழந்தையும் என் வாயும் இருந்தோம். அவள் ஒன்று சொன்னால் நான் ஒன்பது சொன்னேன். அவன் இருவருக்கும் நடுவில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நூற்றைம்பது கிலோமீட்டர். கேஸ் நடந்தது. பிரிந்தார்கள்.

தீர்ப்பில் அவனுக்கு மிஞ்சியது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை. அவள் ஊரில் இதற்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலிகள், உடைந்த பொம்மைகள், ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் பொறுப்பாளர் அம்மா பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பார். பத்தரைக்குள் வரவில்லையென்றால் சிவப்பு மையில் ‘வரவில்லை’ என்று எழுதிவிடுவார். மூன்று முறை சிவப்பு விழுந்தால் பார்க்கிற உரிமை அதோடு போச்சு. குழந்தையின் அம்மா, ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று அன்றைக்கே கைப்பட எழுதிக் கொடுத்தால் மட்டும்தான் தொடரும். நேரத்தை மாற்றுவதும் அவள் கையெழுத்தில்தான் இருந்தது. அவள் எங்கே எழுதப் போகிறாள் என்று நான் நினைத்தேன்.

முதல் பஸ்ஸைப் பிடித்து, வழியில் ஒரு பஸ் மாறிப் போனால் பதினொன்றரைக்குத்தான் போய்ச் சேர முடியும். அதனால் கார்தான் கதி. அந்தக் கார் மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியது. கிளப்பினால் இரண்டு முறை தும்மிவிட்டுத்தான் ஓடும். குழந்தை வைத்த பெயர் ‘தும்மல் வண்டி’.

ஆரம்பத்திலேயே தம்பி ஒரு நாள் என்னிடம் கேட்டான். “அக்கா, நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வெக்கச் சொல்லி அவகிட்ட கேட்டுப் பார்க்கட்டுமா? பஸ்ஸுல போயிடலாம்.”

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. “அவகிட்ட போய்க் கெஞ்சப் போறியா? கோர்ட்டுல அவ பேசின பேச்சு உனக்கு மறந்துபோச்சா? மானம் ரோஷம் ஏதாவது இருக்கா உனக்கு? வாசல்ல கார் நிக்குதுல்ல?”

அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

முதல் சிவப்பு, பாதி வழியில் ரேடியேட்டர் குழாய் வெடித்ததற்கு. இரண்டாவது, மேடு ஏறும்போது ஆயில் விளக்கு எரிந்ததற்கு. வயதான இன்ஜின், உள்ளுக்குள்ளேயே ஆயிலைக் குடித்துக் குடித்துக் காலி செய்திருந்தது. விளக்கு எரியும்போது ஒரு அடி ஓட்டினாலும் இன்ஜின் இறுகிவிடும் என்று ஓரம் கட்டினான். ஆயில் கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி. கூடம் பூட்டியிருந்தது. குழந்தை ஒரு படம் வரைந்து, படியில் வைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போயிருந்தாள். கார், பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு ஆள். அதை அவன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்; துவைக்கும்போது நான் வெளியே எடுத்து வைத்தால், மறுபடி எடுத்துப் பையில் வைத்துக்கொள்வான்.

அந்த மாதம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுக்கிற டாக்டருக்குத் தன் வீட்டு நோயாளிக்கு மருந்து தெரியவில்லை. சாப்பாட்டு மேஜையில் மூன்று ஆயில் டப்பா, ஐந்து ஃபில்டர். துணியை வெட்ட எனக்கு இடமில்லை.

“இது என்ன வீடா, உன் கடையோட கிளையா?” என்று கத்தினேன்.

“இது இருபது ஐம்பது நம்பர் ஆயில் அக்கா. நல்ல கெட்டி. தேய்ஞ்ச இன்ஜினுக்குள்ள நின்னு நிதானமா வேலை செய்யும். ஆனா காலைல ஜில்லுனு இருக்கும்போது மேலே ஏற நேரமாகும். நாம விடிகாலைல கிளம்பறோம். அந்த அஞ்சு நிமிஷம் இன்ஜின் காய்ஞ்சு போய் ஓடும்.”

“அப்போ மெல்லிசு போடு.”

“மெல்லிசு சீக்கிரம் ஏறிடும். ஆனா சீல் வழியா கசியும். பாதி வழியில மறுபடி விளக்கு எரியும்.”

“எனக்குத் தலைவலி மாத்திரை வாங்கறதுக்கு ஒரு நாளாவது இவ்வளவு யோசிச்சிருக்கியாடா?”

சிரிக்கவில்லை. அவன் சிரித்தே மாதக்கணக்காகிவிட்டது. பென்சில் முனையால் ஒவ்வொரு ஃபில்டரின் ஓட்டைக்குள்ளும் இருக்கிற ரப்பர் மூடியை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி நிற்கும்போது ஆயில் கீழே இறங்காமல் அந்த மூடிதான் தாங்க வேண்டுமாம். மலிவானதில் அது விறைத்துப் போயிருக்குமாம். முந்தைய முறை மாற்றிய ஃபில்டரை ரம்பத்தால் அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கிற காகிதத்தை என் வெட்டுப் பலகையில் விரித்து, டியூப்லைட்டுக்குக் கீழே கண்ணை வைத்துப் பார்த்தான். இரும்புப் பொடி மினுங்கினால் இன்ஜின் உள்ளே தேய்கிறது என்று அர்த்தம். மினுங்கியதா இல்லையா என்று அவனாலேயே முடிவுக்கு வர முடியவில்லை. “நீ பாருக்கா” என்றான். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே கண்ணாடி வேண்டும். “ஒண்ணும் இல்லடா, சுத்தமா இருக்கு” என்று சொன்னேன்.

பக்கத்து மெக்கானிக், ஒரு மருந்தை ஊற்றி உள்ளே இருக்கிற அழுக்கையெல்லாம் கரைத்து எடுத்துவிட்டால் வண்டி புதிசாகிவிடும் என்றான். தம்பி அவன் மேல் பாய்ந்தான். “மூணு லட்சம் கிலோமீட்டர் அழுக்கு ஒரேயடியா பேந்து வந்து ஆயில் இழுக்கிற சல்லடையை அடைச்சா யார் பதில் சொல்றது? நீ சொல்லுவியா?” இருபத்திரண்டு வருடத்தில் அவன் குரலை உயர்த்திப் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை. மெக்கானிக் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். வாடிக்கையாளர்களுக்கு ஆயில் எழுதிக் கொடுக்கிறவன், இப்போது அவர்களிடமே, “உங்க பழைய வண்டிக்கு நீங்க என்ன ஊத்துறீங்க?” என்று கேட்க ஆரம்பித்தான். பயம் பிடித்துவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்து போகிறது. பாவம், உடம்பு இளைத்து, கன்னம் ஒட்டிப் போயிற்று.

கடைசியில் பத்து நாற்பது என்று முடிவு செய்தான். அதிகம் ஓடிய வண்டிகளுக்கென்றே செய்தது, காய்ந்து போன ரப்பர் சீல்களைக் கொஞ்சம் மிருதுவாக்குகிற சரக்கு அதில் சேர்ந்திருக்கிறது என்று எனக்குப் பாடம் எடுத்தான். ஃபில்டர், கார் கம்பெனி போடுகிற அதே ஃபில்டர். நான் பெருமூச்சு விட்டுவிட்டு, மேஜையைத் துடைத்து, குழந்தைக்கு ஒரு மஞ்சள் கவுனை வெட்டித் தைத்தேன். உள்ளே வெள்ளைப் பருத்தி லைனிங் இரண்டு மடிப்பு, உடம்பில் உறுத்தாமல் இருக்க.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டோடு போனபோது, கடையின் பின்கட்டில் அட்டையை விரித்துக் காருக்கு அடியில் படுத்திருந்தான். மெக்கானிக்கைத் தொட விடவில்லை. “நாளைக்குப் போறது நான். நானே மாட்டறேன்” என்று சொல்லிவிட்டானாம். பழைய ஆயில் தட்டில் வடிந்து முடிந்திருந்தது. பழைய ஃபில்டரைக் கழற்றி என் பக்கம் நீட்டினான். “அந்தத் தட்டுல கவுத்து வைக்கா.”

அந்த நேரம் பார்த்து, ஆணியில் மாட்டியிருந்த அவன் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் அவள் நம்பர். காதில் வைத்தேன், குழந்தையின் குரல். குனிந்து, காருக்கு அடியில் கையை நீட்டி ஃபோனை அவன் காதில் வைத்தேன்.

“அப்பா, நாளைக்கு வருவீங்களா? வர முடியலேன்னா இப்பவே சொல்லிடுங்கப்பா. நான் காலைலயே போய் உக்கார மாட்டேன்.”

எனக்கும் கேட்டது. அவன் கண்ணை மூடித் திறந்தான். “வருவேன்டா கண்ணு. உன் வண்டிக்கு மருந்து குடுத்துக்கிட்டிருக்கேன்.”

“தும்மல் வண்டிக்கா?”

“ஆமா. நாளைக்கு ஒரு தும்மல்தான் தும்மும், பாரு.”

சிரித்தான். மாதக்கணக்காகக் காணாத சிரிப்பு. சிரித்துக்கொண்டே விரலால் புது ஆயிலைத் தொட்டுப் புது ஃபில்டரின் வளையத்தில் தடவினான். சிரித்துக்கொண்டே அதைத் திருகி இறுக்கினான். வழக்கமாக, மாட்டுவதற்கு முன் இன்ஜினில் ஃபில்டர் உட்காருகிற இடத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பான். அன்றைக்கு அந்த விரல் அங்கே போகவில்லை.

நான் இன்னொரு கையில் பழைய ஃபில்டரைப் பிடித்திருந்தேன். அதன் வாய் என் பக்கம் திரும்பியிருந்தது. ரப்பர் இருக்க வேண்டிய பள்ளத்தில் வெறும் தகரம் பளபளத்தது. என் கண் அதைப் பார்த்தது. ஆயிரம் தடவை கேட்ட வாக்கியம், எனக்கே மனப்பாடமான வாக்கியம், மண்டைக்குள் ஏறவே இல்லை. குழந்தை என்ன பேசுகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு, கையிலிருந்ததைத் தட்டில் கவிழ்த்து வைத்தேன்.

ஆயில் ஊற்றி, கிளப்பி, ஐந்து நிமிடம் ஓட விட்டுப் பார்த்தான். கீழே செய்தித்தாள் விரித்துப் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. நின்றபடி ஓடும்போது இரண்டு வளையமும் ஒன்றின் மேல் ஒன்று தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ஞாயிறு விடிகாலை கிளம்பினோம். ஒரே தும்மல். அவன் என்னைப் பெருமையாகப் பார்த்தான். மடியில் மஞ்சள் கவுன் பொட்டலம். எழுபது கிலோமீட்டர் வரைக்கும் ராஜா மாதிரி போனோம். ஏழே கால் மணிக்கு, நல்ல நேர் சாலையில், சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த நொடியே இன்ஜினை அணைத்து ஓரம் கட்டினான். இறங்கிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் கறுப்புக் கோடு.

அடியில் புகுந்தவன் வெகு நேரம் அசையவில்லை. வெளியே வந்தபோது கையில் ஒரு ரப்பர் வளையம், பிதுங்கி நீண்டு போயிருந்தது. அதை என்னிடம் காட்டினான். தரையில் உட்கார்ந்து அதே கையால் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

“இருபத்திரண்டு வருஷம் அக்கா. இருபத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் சொன்னேனே.”

எனக்கு அப்போதுதான் அந்தப் பளபளத்த தகரம் கண் முன்னால் வந்தது. சொல்ல நாக்கு எழவில்லை. “எழுந்திருடா, இப்போ அழற நேரமா?” என்று அதட்டினேன்.

குழந்தையின் அம்மாவுக்கு ஃபோன் போட்டான். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். கூடத்தின் நம்பரை யாரும் எடுக்கவில்லை. கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தப் பார்த்தோம். முழங்கை வரை கறுப்பாக நிற்கிற ஆளையும் பக்கத்தில் கத்துகிற பொம்பளையையும் பார்த்து எவன் நிறுத்துவான்? வேகத்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஃபில்டரைக் கழற்றித் துடைத்து, இடத்தையும் துடைத்து, இந்த முறை விரலால் மூன்று சுற்றுத் தடவிப் பார்த்துத் திரும்ப மாட்டினான். ஆனால் உள்ளே ஆயில் இல்லை. டிக்கியில் மிச்சம் இருந்தது அரை லிட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தக் கடை திறந்திருக்கும்?

கொஞ்ச தூரம் தள்ளி ஒரு மரம் அறுக்கும் ஆலை தெரிந்தது. ஓடினோம். காவலாளி கேட்டுக்குள் அடுப்பு மூட்டித் தண்ணீர் சுட வைத்துக்கொண்டிருந்தார்.

“ஆயிலா? கழிவு ஆயில்தான் இருக்கு. வேலிக் கம்பத்துக்குக் கரையான் வராம பூசறதுக்கு வெச்சிருக்கோம்” என்று ஒரு டிரம்மைக் காட்டினார். தார் மாதிரி இருந்தது. மேலே மரத்தூள் ஆடை கட்டி மிதந்தது.

தம்பி விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். முகர்ந்தான். பழக்கம் விடவில்லை. “எந்த வண்டியோட ஆயில் இது?”

“லாரி, ஜெனரேட்டர், ரம்பம் ஓட்டுற மோட்டார், எல்லாந்தான். என் மச்சானோட டிராக்டர் கூட இருக்கு” என்றார் காவலாளி. “இதை வண்டியிலயா ஊத்தப் போறீங்க? உங்களுக்கு என்ன பைத்தியமா?”

ஒரு மாதம் டப்பாக்களை வைத்துக்கொண்டு தூங்காதவன், “நாலு லிட்டர் வேணும்” என்றான்.

மரத்தூளோடு ஊற்ற முடியாது. வடிகட்ட வேண்டும். காவலாளி சாக்கைக் கொடுத்தார். தூள் அப்படியே இறங்கியது. தம்பியின் சட்டை முழுக்க மண்ணும் பழைய ஆயிலும். நான் கையோடு கொண்டு வந்திருந்த பொட்டலத்தைப் பிரித்தேன்.

“வேணாம்க்கா. அது குட்டிக்குத் தைச்சது.”

“வாயை மூடு. பிடி இந்தப் பக்கம்.”

ஒரு வாளி மேல் கவுனை விரித்துப் பிடித்தோம். ஆயில் ஜில்லென்று கெட்டியாக இருந்ததால் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. மணி எட்டு. எட்டேகால். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. “சீக்கிரம் இறங்கித் தொலையேன்!” என்று அந்த ஆயிலைப் பார்த்துக் கத்தினேன். காவலாளி தன் தண்ணீர்ப் பாத்திரத்தை இறக்கிவிட்டு, “சூடு பண்ணினா இளகும்மா” என்று ஆயில் அள்ளிய டின்னை அடுப்போரம் வைத்தார். புண்ணியவான். அதற்குப் பிறகு ஓரளவு வேகமாக இறங்கியது. மஞ்சள் போய், வெள்ளை லைனிங் போய், என் இரண்டு வரித் தையல் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் போயிற்று.

ஒன்பது பத்துக்கு ஊற்றி முடித்தோம். வண்டி நாலு முறை தும்மியது. கிளம்பியது. சிவப்பு விளக்கு அணைந்தது. எண்பது கிலோமீட்டர். அழுத்தி ஓட்டினால் இன்ஜின் போய்விடும், மெதுவாகப் போனால் குழந்தை போய்விடுவாள். அவன் கண் விளக்கிலும் கடிகாரத்திலும் மாறி மாறி இருந்தது. பத்தரை மணியைத் தாண்டியபோது இருவரும் வெளியே பார்த்தோம்.

பத்து ஐம்பத்தைந்துக்குக் கூடத்தின் முன் நின்றோம். பின்னால் ஒரே புகை. படியில் குழந்தை செருப்பு வாரை அவிழ்ப்பதும் மாட்டுவதுமாக உட்கார்ந்திருந்தாள். “குழந்தை கிளம்ப மாட்டேங்குதுங்க, அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு உக்காந்திருக்கு” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு பொறுப்பாளர் அம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். குழந்தையின் அம்மா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்தாள். திட்டப் போகிறாள் என்று நான் தயாரானேன். பதிலுக்குச் சொல்ல எனக்கு வாய் நிறைய இருந்தது.

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். நெற்றியில் அவன் அடித்துக்கொண்ட இடத்தில் இருந்த கறுப்பைப் பார்த்தாள்.

“ரப்பர் வளையத்தைப் பார்க்கலையா?” என்று கேட்டாள்.

அவன் இல்லை என்று தலையாட்டினான். அப்படியே உடைந்து அழுதான். குழந்தை ஓடி வந்தாள். ஆயில் கையால் அவளைத் தொடாமல் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றான். அவள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“நான்தாம்மா” என்றேன் குழந்தையின் அம்மாவிடம். “மாட்டிக்கிட்டிருக்கும்போது நான்தான் ஃபோனைக் காதுல வெச்சேன். வளையம் இல்லாததை என் கண்ணால பார்த்தேன். எனக்கு உறைக்கலை.”

“ஃபோன் போட்டுக் குடுத்தது நான்” என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு வரை குழந்தை அப்பாவோடு தரையில் உட்கார்ந்து எதையோ வரைந்தாள். என் பையிலிருந்து கறுப்புத் துணி எட்டிப் பார்ப்பதைக் கண்டுபிடித்து, “இது எனக்கா அத்தை?” என்றாள். கழுத்துப் பட்டனை வைத்துக் கவுன் என்று தெரிந்துகொண்டிருக்கிறாள். “வேற தைச்சுத் தர்றேன்டா” என்றேன். அதைச் சொல்லும்போதே, தருகிற பாக்கியம் எனக்கு இனி இருக்குமா என்று தோன்றியது. துணியைப் பைக்குள் தள்ளினேன்.

பன்னிரண்டு மணிக்குப் பொறுப்பாளர் அம்மா பதிவேட்டைத் திறந்தார். சிவப்பு ஏற்கெனவே எழுதியிருந்தது. “இது மூணாவது தடவைம்மா. நீங்க ஆட்சேபணை இல்லேன்னு எழுதினா தொடரும். இல்லேன்னா இன்னையோட சரி” என்று பேனாவை அவளிடம் நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். “அந்தக் காரை விட்டா வேற வழியே இல்லையா?”

“பஸ் பதினொன்றரைக்குத்தான் வரும்” என்றான் அவன்.

“சரி. பதினொன்றரைக்கு வந்தா என்ன?”

“நேரம் பத்துல இருந்துல்ல போட்டிருக்கு.”

அவள் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மூடினாள். பிறகு குரல் நடுங்கியது. “பன்னிரண்டுலேர்ந்து ரெண்டுன்னு மாத்திக்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? ஞாயித்துக்கிழமை எங்களுக்கு என்ன வேலை? ஒரு வருஷமா இந்தக் குழந்தை காலைலயே வந்து உக்காந்து ரோட்டையே பார்த்துக்கிட்டிருக்கு. கேட்டா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? ஏன் கேக்கலை?”

அவன் என் பக்கம் திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

“தோணலை” என்றான்.

ஃபோன் விஷயத்தை அவ்வளவு தைரியமாக ஒப்புக்கொண்ட எனக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. நாள் முழுக்க ஓயாத வாய். அவள் குனிந்து, ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதினாள். பத்து முதல் பன்னிரண்டு என்பதை அடித்து, பன்னிரண்டு முதல் இரண்டு என்று போட்டாள், கையெழுத்துப் போட்டாள். என்னைப் பார்த்து, “வர்றேன் அண்ணி” என்று சொல்லிவிட்டுக் குழந்தையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

திரும்பும்போது தம்பி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாற்பதைத் தாண்டாமல் மெதுவாக ஓட்டினான். நான் அழுவதை மறைக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

“என்னக்கா, ஆயில் வாடை கண்ணைக் கரிக்குதா?” என்றான். கையை நீட்டி என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டான்.